மஷூர் கடை வாசலில் தொங்கும் காய்கள்

1

இந்தக் கதை ஒரு கலண்டரின் பின்பக்கத்துக்காகத் தொடங்கப்பட்டது. மறைக்க ஒன்றுமில்லை. நிஹ்லா என்ற பெண் ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் தமிழ் டியூஷன் படித்தவள். இப்போது ஒரு விதைக் கம்பனியில் வேலை. ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்:

“மிஸ், ஒரு சின்னக் கதை வேணும். ஒரு பக்கம் இருந்தாக் காணும். ஒரு பொம்பிள எங்கட புதுப் புடலங்கா விதையைப் போட்டு, நல்லா காய்ச்சீக்கிற மாதிரி.”

“காய்ச்சிருக்கா?”

“யாருக்கு மிஸ்?”

“அந்தப் பொம்பிளைக்கு.”

“அது நீங்க எழுதுறதுதானே மிஸ்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இத்தனை வருடமாகக் கதை எழுதுகிறேன். என் கதையை வாசித்துவிட்டு எவரும் எதையும் மாற்றிக்கொண்டதாகத் தகவல் இல்லை. இந்தக் கலண்டரோ சமையலறைகளிலும் உரக்கடைகளிலும் வருடம் முழுக்கத் தொங்கப்போகிறது. அதை வாசித்துவிட்டு யாரோ ஒருத்தி தன் நிலத்தில் விதையை ஊன்றுவாள். அந்த நினைப்பு எனக்குப் பயத்தைத் தந்தது. கொஞ்சம் பெருமையையும் தந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான ஒரு ஆளைக் காட்டு, எழுதுகிறேன் என்றேன். நிஹ்லா கொட்டாஞ்சேனையில் மஷூர் என்பவரின் விதைக்கடையைச் சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: ‘அதிகாலைச் சூரியன் ஹேந்தலக் கால்வாயின் மேல் பொன்னை உருக்கி ஊற்றியபோது, றோஸி தன் மண்வெட்டியைத் தோளில்—’

விட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்த உண்மையான ஆள் றோஸி; அவளிடம் இதை வாசித்துக் காட்டினேன். “காலையில நான் பஸ்ஸில மிஸ்,” என்றாள். அவள் வத்தளையில் ஒரு பாலர் பாடசாலையில் சமைக்கிறவள். தோட்டத்துக்கு வருவது பின்னேரம்தான். பொன், சூரியன் எல்லாம் அவளுக்கு அங்கே தெரியாது. நுளம்புக்கடி தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: ‘சிறு நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் எந்த விதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது, அந்த விதையின் விளைச்சலைப் பற்றி அவர்களுக்கு யார், எந்த வடிவில், எவ்வளவு—’

இதுவும் வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் கதை உண்மையில் இதைப் பற்றித்தான், ஆகவே இந்த வரியை ஒரு மூலையில் கிடக்க விடுகிறேன்.

மூன்றாம் தொடக்கம், நடந்தபடியே: நான் முதல்முறை மஷூரின் கடைக்குப் போனபோது ஒரு பெண் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. அதில் புடலங்காய், பாகற்காய், ஒரு முழத்துக்கு மேல் நீண்ட பயற்றங்காய்க் கொத்து. காய்களுக்கு நடுவே துணி கொழுவும் கிளிப்புகளில் வெறும் விதைப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் பேனையால் ஒரு பெயர், ஓர் ஊர்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே விதை வாங்கியவர்கள் முதல் காயைக் கொண்டுவந்து மஷூரிடம் கொடுப்பார்கள். அவர் அதைக் கம்பியில் தொங்கவிடுவார். காய் வாடி விழுந்தபின்னும் பாக்கெட் அங்கேயே இருக்கும். எந்த இனத்தின் பாக்கெட் அதிகம் தொங்குகிறதோ, அடுத்த போகத்தில் அதுதான் விற்கும். கம்பனிகள் அச்சடிக்கும் துண்டுப்பிரசுரங்களை மஷூர் தராசுக்கு அடியில் வைத்திருக்கிறார், தராசு ஆடாமல் இருப்பதற்கு.

அண்ணாந்து நின்ற பெண்தான் றோஸி. அவள் பார்த்துக்கொண்டிருந்த பாக்கெட்டில் ‘யூஜினா, களனி’ என்று இருந்தது.

3

றோஸியின் நிலம் ஹேந்தலவில் கால்வாய் ஓரம். அவளுடைய நிலம் என்பது பேச்சுக்கு. இறந்துபோன கணவனின் அண்ணன் பேர்னாட்டின் பெயரில் இருக்கிறது. பேர்னாட் குடும்பத்தோடு இத்தாலியில். சுற்றிவர இருந்த காணிகளையெல்லாம் மண் போட்டு உயர்த்திக் கொண்டெய்னர் அடுக்கும் யார்டு ஆக்கிவிட்டார்கள். மழை பெய்தால் அத்தனை யார்டுத் தண்ணீரும் றோஸியின் துண்டுக்குத்தான் வந்து நிற்கும். யார்டுக்காரர்கள் அந்தத் துண்டையும் கேட்டு பேர்னாட்டுக்கு அடிக்கடி அழைக்கிறார்கள்.

பேர்னாட் கெட்டவர் அல்ல. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வரும்போது நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். “காய்க்கிறத என்ட கண்ணால பார்த்தா நான் காணிய விக்கமாட்டன் றோஸி. சும்மா கிடக்கிற காணிக்கு நான் என்ன நியாயம் சொல்ல?”

ஆக, நத்தாருக்குப் பந்தலில் காய் தொங்க வேண்டும்.

றோஸி இதுவரை போட்டது பழைய இனம். தண்ணீர் நின்றாலும் தாங்கும். ஆனால் காய்க்கத் தை மாதம் ஆகும். நத்தாருக்கு இலை இருக்கும், காய் இருக்காது. புது இனம் நத்தாருக்கு முன்னே காய்த்துவிடும், நீளமாக, நிறையவே காய்க்கும் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறது. தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கவில்லை.

நிஹ்லாவின் துண்டுப்பிரசுரத்தை றோஸியிடம் கொடுத்தேன். மழை குறைந்த உலர் வலயத்தில் ஒரு பரிசோதனைத் தோட்டம், பந்தல் நிறையக் காய்கள், நடுவே சிரித்துக்கொண்டு ஒரு உத்தியோகத்தர். றோஸி படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

“இவருட சப்பாத்தில சேறே இல்லையே மிஸ்,” என்று திருப்பித் தந்தாள்.

“அப்ப எதை நம்பிப் போடப்போறீங்க?”

“யூஜினாவ. அவட துண்டும் களனி ஆத்தோரம், என்டத மாதிரிப் பள்ளம். அவக்குக் காய்ச்சிருக்கு. கம்பியில பார்த்தனான்தானே.”

(இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார்: பாதி நிலத்தில் பழையது, பாதியில் புதியது போடலாமே? நானும் இதே கெட்டிக்காரத்தனத்தோடு கேட்டேன். “இருக்கிறதே ஒரு பந்தல் மிஸ். பாதி பாதியாப் போட்டா ஒரு பாதி நிச்சயமா நட்டமாப் போகும். அந்தப் பாதிக்கு எனக்கு இடமில்ல.” நான் கையைக் கீழே போட்டேன். நீங்களும் போடுங்கள்.)

4

கதை இப்போது சுலபமாகிவிட்டது. கதாநாயகி றோஸி, அவளுக்கு வழிகாட்டிய தோழி யூஜினா, நடுவே புது விதை. ஒரு பக்கத்துக்கு இது தாராளம். யூஜினாவின் பெயரையும் போடலாமா என்று மஷூரிடம் ஒரு வார்த்தை கேட்க மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முந்திய வேளை. கடையில் ஆள் இல்லை. மஷூர் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“அவட பேர மட்டும் போட வாணாம் மிஸ்.”

“ஏன்?”

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். “இந்தப் புது இனம் முழு வெள்ளக் காய். அவ கொணந்த காய்ல பச்சக் கோடு இருந்திச்சி.”

எனக்கு விளங்கவில்லை.

“பேலியகொடச் சந்தையில வாங்கிட்டு வந்தீக்கிறா மிஸ்.”

“தெரிஞ்சுகொண்டா தொங்க விட்டீங்க?”

“வேற என்ன செய்ய? கடை நெறைய சனம். அவ பூசைக்கு உடுக்கிற சாரிய உடுத்துட்டு, காயப் பேப்பர்ல சுத்திக்கொண்டு வந்து நிக்கிறா. எல்லாரும் பாக்கிறாங்க. ‘இது அந்த இனமில்ல’ண்டு அந்த எடத்துல செல்ல ஏலுமா? நீங்க செல்லுவீங்களா?”

சொல்லியிருப்பேன் என்று வாயெடுத்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

“கம்பியில சும்மா தொங்கினா தொங்கட்டும். கலண்டர்ல அச்சடிச்சா ஊரெல்லாம் போகுமே. அதான் செல்றன்.”

“காய்க்காத ஆக்கள் என்ன செய்வாங்க?”

“அவங்க வாறல்ல மிஸ். அடுத்த போகம் வேற கடைக்கிப் போவாங்க. நானும் கேக்கிறல்ல. கேட்டா வெக்கப்படுவாங்க.”

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரே இனத்துக்கு எத்தனை பாக்கெட்டுகள்! வராதவர்களின் பாக்கெட்டுகளுக்கு ஒரு கம்பி இருந்தால் அது எவ்வளவு நீளம் வேண்டும்?

“றோஸி அந்தப் பாக்கெட்டைப் பார்த்துத்தான் விதை வாங்கினா. அவவுக்குச் சொன்னீங்களா?”

மஷூரின் முகம் வாடிவிட்டது. “அவ கேக்கல்லயே மிஸ்.”

* ஓர் அடிக்குறிப்பு. இந்தக் கதைக்கு ஒரு கெட்டவர் தேவை என்று மஷூரை ஏமாற்று வியாபாரியாக எழுதிப் பார்த்தேன். தாடியைத் தடவ வைத்தேன், கள்ளச் சிரிப்புக் கொடுத்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. அவர் செய்தது ஒரு பெண்ணைச் சபையில் தலைகுனிய விடாமல் காப்பாற்றியது. யூஜினா செய்தது, எல்லோரும் காய் கொண்டுவரும் இடத்துக்குத் தானும் வெறுங்கையோடு போகக் கூசியது. இரண்டும் நாம் தினமும் செய்வதுதான். இரண்டும் சேர்ந்து றோஸியின் நிலத்தில் போய் விடியப்போகிறது.

5

றோஸியிடம் சொன்னேன். பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கம்பைக் கீழே போட்டாள்.

“சேர்ச்சில என்னோட ஒரே வாங்கில இருந்து பூசை காண்றவ மிஸ். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே!”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க ஏன் இத வந்து சொன்னீங்க? நேத்து எனக்கு ஒரு முடிவு இருந்திச்சு. இப்ப என்ன இருக்கு? பழசப் போட்டா நத்தாருக்குக் காய் இல்ல. புதுசத் தண்ணி அள்ளிக்கொண்டு போயிட்டா ஒண்டுமே இல்ல. நீங்க வெள்ளவத்தைக்குப் போயிடுவீங்க.”

எனக்கு வலித்தது. உண்மையைச் சொன்னால் கை தட்டுவார்கள் என்று எங்கோ உள்ளுக்குள் எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் போலிருக்கிறது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் சொன்னதுதான் காதில் கேட்டது.

6

இனி முடிவுகள்.

அ. றோஸி புதியதைப் போடுகிறாள். மழை தயவு பண்ணுகிறது. பேர்னாட் பந்தலுக்குக் கீழே நின்று ஒரு காயைத் தடவிப் பார்க்கிறார், தம்பியின் நினைவு வந்து கண் கலங்குகிறார். நிஹ்லாவின் மேலதிகாரி கைகொடுக்கிறார். இதை எழுத எனக்கு அரை மணித்தியாலம் போதும்.

ஆ. புதியதைப் போடுகிறாள். தண்ணீர் நிற்கிறது. நத்தாருக்கு அடுத்த கிழமை டிப்பர் லொறி மண் கொண்டுவந்து—

(இதை முடிக்க மனம் வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.)

இ. பழையதைப் போடுகிறாள். பேர்னாட் வெறும் இலைகளைப் பார்க்கிறார். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தாலியில் நான் இருந்ததில்லை.

ஈ. ஞாயிறு பூசை முடிந்து யூஜினா நேரே மஷூரின் கடைக்குப் போகிறாள். பையிலிருந்து கருகிப்போன ஒரு கொடியை எடுக்கிறாள். “இதையும் தொங்க விடுங்க,” என்கிறாள். மூலையில் நின்ற ஒரு கிழவர், “எனக்கும் காய்க்கல,” என்று மெல்ல முன்னே வருகிறார். இன்னொருவர். இன்னொருவர். மஷூர் இரண்டாவது கம்பி ஒன்றை—

என்ன அருமையான காட்சி! எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். ஆனால் இது நடக்கவில்லை. நடந்தால் நன்றாயிருக்கும் என்பதால் எழுதினேன். பாருங்கள், நானும் பேலியகொடைக்குப் போய்ப் பச்சைக் கோடு போட்ட காய் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு இப்போதுதான் சரியாகப் பயம் வருகிறது. இந்தக் கதையை எந்த முடிவில் நிறுத்தினாலும் அது ஒரு விளைச்சல் செய்தி. ‘காய்த்தது’ என்று எழுதினால் ஒருத்தி நம்பிப் போடுவாள். ‘காய்க்கவில்லை’ என்று எழுதினால் ஒருத்தி போடாமல் விடுவாள், அவள் மேட்டு நிலத்தில் அது அருமையாகக் காய்த்திருக்கக்கூடும். கதை எழுதுகிறவளுக்கு இந்தப் பொறுப்பை யார் தந்தது? நிஹ்லாதான். அவளுக்கு நான் டியூஷனில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும்.

7

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். நான் அங்கே இருக்கவில்லை. றோஸியிடமும் யூஜினாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே மாதிரிச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

றோஸி கோபத்தில் யூஜினாவுக்கு வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினாள். ஏசிய ஏச்சை இருவருமே எனக்குச் சொல்லவில்லை. யூஜினா பதில் போடவில்லை. ஆனால் சில நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஹேந்தலவுக்கு வந்து நின்றாள். றோஸி அவளை இரு என்று சொல்லவில்லை. யூஜினா நின்றபடியே நிலத்தைப் பார்த்தாள்.

“தண்ணி எந்தப் பக்கத்தால வாற?”

“யார்டுப் பக்கத்தால.”

“எனக்கு ரெண்டு தரம் நின்டது. முதல் தரம் கொடி சின்னன். கீழ் இலை மஞ்சளாகிப் பிறகு தெளிஞ்சிட்டு. நான் சந்தோசப்பட்டன், இது தாங்குதெண்டு. ரெண்டாந்தரம் பூ வந்தாப் பிறகு. அதுதான் சாகடிச்சுப்போட்டுது. அடியில பிடிச்சு இழுத்தன், வேர் கையோட வந்திச்சு. நாத்தம்.”

“பழசு?”

“மூலையில கொஞ்சம் போட்டிருந்தன். அது சாகாம நின்டது. காய் நல்லாப் பிந்தித்தான் வந்த.”

றோஸி அப்போதுதான் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டியிருக்கிறாள்.

“இத வேற ஆருக்கும் சொன்னியா?”

“ஆரும் கேக்கல றோஸி. காயைத்தான் கேட்டாங்க.”

இருவரும் ஒரே மாதிரிச் சொன்ன கடைசி விஷயம்: யூஜினா அழுதாள். றோஸி தானும் அழுததாகச் சொன்னாள். யூஜினா அதைச் சொல்லவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அன்று இருட்டும்வரை இருவருமாகச் சேர்ந்து மண்ணை வெட்டி மேடு கட்டியிருக்கிறார்கள். கம்பனியின் துண்டுப்பிரசுரமும் மஷூரின் கம்பியும் சொல்லாத ஒன்று அந்தப் பள்ளத்து நிலத்துக்கு அன்று கிடைத்தது: தண்ணீர் எப்போது நின்றால் தாங்கும், எப்போது நின்றால் தாங்காது. அது காய்த்தவர்களிடமிருந்து வரவில்லை.

யூஜினாவின் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரைப் போடுங்க மிஸ்,” என்றாள். “பேர் இல்லாட்டி ஆர் நம்புற?”

நிஹ்லாவுக்கு இதுவரை உள்ளதை அனுப்பினேன். நெடுநேரம் கழித்துத் தொலைபேசி எடுத்தாள். “மிஸ், இது கலண்டருக்கு ஏலா. எங்கட பெரிய சேர் விடமாட்டாரு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்களுக்குத் தோட்டங்கள்லயிருந்து வாற ரிப்போட்டும் இப்பிடித்தான் மிஸ். நல்லது மட்டும்தான் மேல வரும். நானும் காய்க்காதவங்களக் கேட்டதில்ல.”

கலண்டரின் பின்பக்கத்தில் இப்போது புடலங்காய்ப் பால்கறி வைக்கும் முறை இருக்கிறது. அந்தக் கறி நல்லாத்தான் வருகிறது, நானே வைத்துப் பார்த்தேன்.

8

வாசகரே, உங்களுக்கு முடிவு வேண்டும். எனக்கும்தான். ஆகவே போன சனிக்கிழமை பின்னேரம் ஹேந்தலவுக்குப் போனேன்.

மேடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டிலைக் கன்றுகள். நான் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, இலையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு இலையில் எல்லாப் புடலையும் ஒன்றுதான்.

“எதைப் போட்டிருக்கிறீங்க?”

றோஸி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். “சொல்லமாட்டன் மிஸ்.”

“ஏன்?”

“சொன்னா எழுதுவீங்க. எழுதினா ஆரும் பார்த்திட்டு அதையே போடுவாங்க. இன்னும் ஒரு மழையே வரல.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. துறைமுகத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. யார்டில் ஒரு கொண்டெய்னரை இன்னொன்றின் மேல் வைக்கும் சத்தம் நிலத்துக்குள்ளால் வந்து காலில் தட்டியது. பேர்னாட் டிக்கெட் எடுத்துவிட்டார் என்று றோஸி சொன்னாள்.

(என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அவள் எதைப் போட்டாள், மழை எப்போது வந்தது, பேர்னாட் எதைப் பார்த்தார் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: நீங்கள் வைக்கும் முடிவை உங்கள் நிலத்தில் வைத்து யோசியுங்கள், அவள் நிலத்தில் அல்ல. இழக்க உங்களிடமும் ஒரே ஒரு பந்தல்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் துளி விழுந்ததும் குடையை விரித்தேன். காய்க்கும்போது கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வழக்கமாக எல்லோரும் சொல்வதுதான்.

றோஸி நிமிர்ந்தாள். கையில் சேறு. மழை அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.

“காய்க்காட்டியும் வாங்க மிஸ்,” என்றாள். “அப்பதான் ஆரும் வரமாட்டாங்க.”